அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார், இனி வெளியே வர முடியாதா?

கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம். அடையாளம் தெரியக்கூடியதையெல்லாம் எடுத்துவிட்டு, சிலவற்றை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை. அப்பா அம்மா போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை வந்து பதினைந்து வருஷம் ஆகிறது, மூன்று வருஷமாகச் சிறுநீரில் புரதம் போகிறது. பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்கிறார்கள். மார்ச் மாதம் போனபோது, அதே வளாகத்தில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்பி, சிறுநீரகத்துக்குப் புதிய மருந்து ஒன்று ஆய்வில் இருக்கிறது, சேர்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். பதினாறு பக்கத் தாள், தமிழில்தான். அப்பா அன்றைக்குக் கண்ணாடி எடுத்துப் போகவில்லை. விளக்கிச் சொன்ன பெண் பத்து நிமிஷம் பேசினார், நல்லவிதமாகத்தான் பேசினார், அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். ஊருக்கு வந்து அம்மா அந்தத் தாளைப் புரட்டியபோது ‘நாமினி’ என்று ஒரு கட்டம், அதில் தன் பெயர். அன்று இரவு முழுக்க அம்மா அழுதிருக்கிறார்.

ஐந்து வாரம் மாத்திரை சாப்பிட்ட பிறகு, தோப்பில் காலை பதினொரு மணிக்குத் தலை சுற்றி விழுந்துவிட்டார். கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் சேர்த்தார்கள், பிரஷர் 90க்கு வந்திருந்ததாம், குளுக்கோஸ் ஏற்றினார்கள், பில் 14,600 ரூபாய். அங்கே ஆய்வு மாத்திரை பற்றி யாரும் சொல்லவில்லை. ஆராய்ச்சி நிலையத்துக்கும் சொல்லவில்லை. சொன்னால் ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள், அப்புறம் அந்த டாக்டரே பார்க்க மாட்டார் என்று பயம். இதற்கு நடுவில் மிச்ச மாத்திரையை எண்ணுவார்கள் என்று தெரிந்து, திட்டு வாங்கக் கூடாதென்று அம்மா எட்டு மாத்திரையைக் குப்பையில் போட்டிருக்கிறார். மூட்டுவலிக்கு மெடிக்கலில் வாங்கும் டைக்ளோஃபினாக் மாத்திரையும் நடுநடுவே ஓடுகிறது. சித்தப்பா, ‘உங்கப்பனை எலி மாதிரி வச்சுப் பார்க்கிறானுங்க, கேஸ் போட்டா எட்டு லட்சம் வரும்’ என்கிறார். தம்பி உடனே நிறுத்தச் சொல்கிறான். அம்மாவோ, பெரிய ஆஸ்பத்திரி, புது மருந்து, இலவசமாகத் தருகிறார்கள், விடக் கூடாது என்கிறார். அடுத்த வியாழக்கிழமை பெங்களூர் போகவேண்டிய நாள். என்ன செய்வது என்று கேட்கிறார்.

நான் சிறுநீரக மருத்துவர். இப்போது தருமபுரியில் கிளினிக் வைத்திருக்கிறேன். அதற்கு முன் பதினோரு வருஷம் இப்படி ஆஸ்பத்திரியோடு ஒட்டியிருக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தேன், பின்பு, ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதி கொடுக்கும் ஒரு நெறிமுறைக் குழுவிலும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் அந்தப் பக்கத்து நடைமுறையும் தெரியும், தோப்பில் மயங்கி விழுபவர்களை ஆட்டோவில் தூக்கி வரும் இந்தப் பக்கமும் தெரியும். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது நீங்கள் கடைசியில் கேட்ட கேள்விகள் இல்லை. நடுவில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டுப் போனீர்களே, யாருக்கும் சொல்லவில்லை என்று, அதுதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இன்றைக்கே செய்ய வேண்டியது

வியாழக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். அப்பாவிடம் இருக்கும் தாளின் முதல் பக்கத்திலோ கடைசிப் பக்கத்திலோ ஆய்வு மருத்துவரின் பெயரும் போன் நம்பரும் இருக்கும், பல ஆய்வுகளில் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன அட்டையும் கொடுத்திருப்பார்கள். அந்த நம்பருக்குப் போன் போட்டு, இன்ன தேதியில் விழுந்தார், இரண்டு நாள் சேர்த்திருந்தோம், பிரஷர் இவ்வளவு இருந்தது, வலி மாத்திரையும் சாப்பிடுகிறார் என்று சொல்லுங்கள். மாத்திரையைத் தொடரலாமா, நிறுத்த வேண்டுமா என்றும் அதே போனில் கேட்டுவிடுங்கள். அவர்கள் பதில் சொல்வதற்குள் மறுபடி தலை சுற்றினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ, பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள், அந்த அட்டையையும் மாத்திரைப் பெட்டியையும் கையோடு கொண்டு போங்கள்.

ஏன் இப்படி அவசரப்படுத்துகிறேன் என்றால், ஆய்வில் இருக்கும் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்க்கப்பட்டாலே, காரணம் எதுவானாலும், அது ‘தீவிரப் பாதகம்’ என்ற கணக்கில் வருகிறது. ஆய்வு மருத்துவர் அதை 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், பணம் போட்டு ஆய்வை நடத்தும் ஸ்பான்சர் கம்பெனிக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவித்தாக வேண்டும். 2019ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளில் இது இருக்கிறது. நீங்கள் சொல்லாமல் விட்டால் அவர் யாருக்குத் தெரிவிப்பார்? உங்கள் அப்பா மாதிரியே வேறு ஊரில் வேறொருவரும் ஐந்தாவது வாரத்தில் விழுந்திருக்கலாம். இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கும்போதுதான் ‘இது வெயிலா, மாத்திரையா’ என்ற கேள்வியே எழும்.

வெயில், மாத்திரை இரண்டில் எது என்று இப்போது என்னாலும் சொல்ல முடியாது. ஏப்ரல் மாதம், மாங்காய்க் காலம், காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் தோப்பில் நின்றிருக்கிறார். கூடவே அவர் தினமும் சாப்பிடும் மாத்திரைகள் என்று எழுதி அனுப்பியிருக்கிறீர்களே, அதில் பிரஷருக்கான லோசார்டன் இருக்கிறது, நீர் பிரியும் மாத்திரை ஒன்று இருக்கிறது. இந்த இரண்டோடு டைக்ளோஃபினாக் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்து, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் திடீரென ஏறலாம். சர்க்கரை உள்ளவர்கள் மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் இந்த மாத்திரையால் சிறுநீரகம் கெட்டு என்னிடம் வந்தவர்கள் எத்தனையோ பேர். அதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள், வலிக்கு வேறு வழி இருக்கிறது, டாக்டரைக் கேட்டால் சொல்வார்.

குப்பையில் போட்ட எட்டு மாத்திரையையும் மறைக்காதீர்கள். கோஆர்டினேட்டர் பெண் டப்பாவைத் திறந்து மிச்ச மாத்திரையை ஒரு தட்டில் கொட்டி எண்ணி நோட்டில் குறித்துக்கொள்வது திட்டுவதற்காக இல்லை. ஒருவர் முப்பது நாளில் எத்தனை நாள் உண்மையில் சாப்பிட்டார் என்று தெரிந்தால்தான் மருந்து வேலை செய்ததா என்பது தெரியும். ‘அப்பா எட்டு நாள் மறந்துட்டார், அம்மா தூக்கிப் போட்டுட்டாங்க’ என்று சொன்னால் அவர் அப்படியே எழுதிக்கொள்வார். அவ்வளவுதான். நான் இருந்த இடத்தில் வாரத்துக்கு நாலு பேராவது இப்படிச் சொல்வார்கள்.

புது மருந்து என்றால் நல்ல மருந்தா?

இப்போது அம்மா சொல்வதற்கு வருகிறேன். அவர் நினைப்பது மிக இயல்பானது, படித்தவர்களும் இதையேதான் நினைக்கிறார்கள்: பெரிய டாக்டர் நம்மைத் தேர்ந்தெடுத்து, வெளியே கிடைக்காத மருந்தை நமக்குக் கொடுக்கிறார். நடப்பது வேறு. உங்கள் அப்பாவுக்கு எந்த மாத்திரை என்பதை டாக்டர் தேர்ந்தெடுக்கவில்லை, நாணயத்தைச் சுண்டிப் போடுவது மாதிரி கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்தது. டப்பாவில் பெயர் இல்லாமல் நம்பர் மட்டும் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்குக் காரணம் இதுதான். அது புது மருந்தாகவும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாத வெற்று மாத்திரையாகவும் இருக்கலாம். அப்பாவுக்கும் தெரியாது, அந்த டாக்டருக்கும் தெரியாது. யாருக்கு எது போகிறது என்ற ரகசியப் பட்டியல் தனியே இருக்கும். உயிருக்கு ஆபத்து என்று வந்து, சிகிச்சைக்கு அது தெரிந்தே ஆகவேண்டும் என்றால், அப்போது திறந்து பார்க்க வழி வைத்திருப்பார்கள்.

வெற்று மாத்திரை என்றதும் தம்பிக்குக் கோபம் வரும். ஆனால் அப்பாவின் பழைய மாத்திரைகள் எதையும் நிறுத்தவில்லை என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அதன் மேல்தான் இதைச் சேர்த்திருக்கிறார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும். அப்பா பல வருஷமாகச் சாப்பிடும் அதே லோசார்டன் சர்க்கரையால் கெட்ட சிறுநீரகத்துக்கு நல்லது என்று எப்படித் தெரிந்தது தெரியுமா? 2001ல் வெளியான ஓர் ஆய்வில், சர்க்கரையும் சிறுநீரகப் பாதிப்பும் உள்ள 1,513 பேரில் 751 பேருக்கு லோசார்டனும் 762 பேருக்கு வெற்று மாத்திரையும், இரண்டு பக்கமும் வழக்கமான பிரஷர் மாத்திரைகளோடு சேர்த்து, கொடுத்துப் பார்த்தார்கள். லோசார்டன் சாப்பிட்டவர்களில் டயாலிசிஸ் வரை போனவர்கள் குறைவு. அந்த 762 பேர் வெற்று மாத்திரை சாப்பிட ஒப்புக்கொள்ளாமல் இருந்திருந்தால் இன்று நான் எந்த நம்பிக்கையில் அதைச் சீட்டில் எழுதுவேன்?

சரி, எல்லாப் புது மருந்தும் அப்படி முடிந்ததா என்றால் இல்லை. உங்கள் அம்மாவுக்கு இதை அவசியம் சொல்லுங்கள். அலிஸ்கிரன் என்று ஒரு மருந்து. பிரஷருக்கு ஏற்கெனவே விற்பனையில் இருந்தது, லோசார்டன் வகையோடு அதையும் சேர்த்தால் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்துக்கு இன்னும் நல்லது என்று நினைத்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஆய்வு நடத்தினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. 2011 டிசம்பரில் பாதியிலேயே நிறுத்தினார்கள். பலன் இல்லை, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவதும் பிரஷர் அதிகமாக இறங்குவதும் கூடியிருந்தது. அடுத்த வருஷமே பார்டாக்சலோன் என்ற இன்னொரு மருந்து. சிறுநீரகத்தின் வேலைத் திறன் கூடுவதுபோலத் தெரிந்தது, எல்லோருக்கும் நம்பிக்கை, ஆனால் இதயம் செயலிழந்து சேர்க்கப்படுபவர்கள் அதிகமானதால் 2012 அக்டோபரில் அதையும் நிறுத்தினார்கள். இரண்டுமே உங்கள் அப்பாவுக்கு இருக்கும் அதே நோய்க்குத்தான். இரண்டையும் பாதியில் நிறுத்த முடிந்ததற்குக் காரணம், இப்படி விழுந்தவர்கள், சேர்க்கப்பட்டவர்கள் கணக்கு ஒழுங்காக ஓரிடத்துக்கு வந்து சேர்ந்ததுதான். திரும்பத் திரும்பப் போன் போடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சித்தப்பா சொல்லும் எலி

சித்தப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பயத்துக்கு இந்த நாட்டில் காரணம் இருந்திருக்கிறது. 2009-10ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பள்ளிச் சிறுமிகளுக்கு, அதிலும் பழங்குடிச் சிறுமிகள் நிறையப் பேருக்கு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டுப் பார்த்தபோது, பெற்றோர் போடவேண்டிய கையெழுத்தைப் பல இடங்களில் விடுதிக் காப்பாளர்கள் போட்டிருந்தார்கள். நாடாளுமன்ற நிலைக்குழு வரை போன விஷயம் அது. தடுப்பூசி நல்லதுதான், நானே பரிந்துரைக்கிறேன், ஆனால் கேட்காமல் செய்தது தவறு. அந்த மாதிரிச் சம்பவங்களுக்குப் பிறகுதான் விதிகள் இவ்வளவு இறுகின.

அதே சமயம் நம்ம தமிழ்நாட்டிலேயே நடந்த இன்னொன்றையும் சித்தப்பாவுக்குச் சொல்லுங்கள். 1956ல் சென்னையில் காசநோய்க்கு ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். அப்போதெல்லாம் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், நல்ல சாப்பாடு, நல்ல காற்று, இல்லாவிட்டால் பிழைக்க மாட்டார்கள் என்று உலகமே நம்பியது. சென்னையின் ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்த 193 நோயாளிகளில் பாதிப் பேரைத் தாம்பரம், மதனப்பள்ளி சானடோரியங்களுக்கும் பாதிப் பேரை அவர்கள் குடிசைக்கே மாத்திரையோடும் அனுப்பினார்கள். ஒரு வருஷம் பார்த்ததில் வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள், வீட்டிலிருந்த மற்றவர்களுக்கு அதனால் நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. 1959ல் அது வெளிவந்தபின் உலகம் முழுக்கக் காசநோயாளிகளை வீட்டில் வைத்தே பார்க்கும் வழக்கம் வந்தது. இன்று பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டிலேயே இருந்து குணமாவதற்கு அடிப்படை, அந்த 193 பேர் சேரச் சம்மதித்தது. அவர்களை எலி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அந்தக் கையெழுத்து என்ன செய்யும்

நீங்கள் நினைப்பதுபோல அது பத்திரம் இல்லை. ஒரு வருஷம் கண்டிப்பாக இருப்பேன் என்று அப்பா யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. தாளைத் திறந்து கடைசியில் வரும் கட்டங்களைப் பாருங்கள். அதில் ஒரு வரி இந்தப் பொருளில் இருக்கும்: நான் சேர்வது என் விருப்பம், எந்தக் காரணமும் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் என் சிகிச்சையோ சட்ட உரிமையோ பாதிக்கப்படாது. அந்த வரிக்குப் பக்கத்திலும் அப்பா சுருக்கொப்பம் வைத்திருப்பார். விலகினால் டாக்டர் பார்க்க மாட்டார் என்ற பயத்துக்கு இந்த ஒரு வரி போதும். இதை மீறி எந்த ஆஸ்பத்திரியும் உங்கள் ஓ.பி. சீட்டைக் கிழிக்க முடியாது, கிழித்தால் அதே தாளில் நெறிமுறைக் குழுவின் நம்பரும் இருக்கிறது.

நாமினி கட்டத்தைப் பற்றி அம்மாவுக்கு நீங்களே உட்கார்ந்து சொல்லுங்கள். அப்பா சாகப் போகிறார் என்று யாரும் கணித்து அதை வைக்கவில்லை. இந்தியாவில் மருந்து ஆய்வுச் சம்மதப் படிவத்தில் படிப்பு, தொழில், வருமானம், நாமினி என்று கேட்க வேண்டும் என்பது சட்டம். ஆய்வால் மரணம் நேர்ந்தால் இழப்பீடு யாருக்குப் போக வேண்டும் என்று தெரிவதற்காக. பேங்க் பாஸ்புக்கிலும் நாமினி இருக்கிறது. இதை அன்றைக்கே விளக்கிச் சொல்லியிருந்தால் அம்மா ஒரு இரவு அழுதிருக்க வேண்டாம். அந்த நிலையத்தின் மேல் எனக்கு உள்ள குறை அதுதான். கண்ணாடி இல்லாத மனிதரிடம் பதினாறு பக்கத்தைப் பத்து நிமிஷத்தில் முடித்தது சரியில்லை. வீட்டுக்கு எடுத்துப் போங்கள், படித்துவிட்டு, குடும்பத்தோடு பேசிவிட்டு வாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும்.

நான் இருந்த நெறிமுறைக் குழுவில் மருத்துவம் படிக்காத உறுப்பினர் ஒருவர் இருந்தார், ஓய்வு பெற்ற தமிழாசிரியை. விதிப்படி ஒரு குழுவில் குறைந்தது ஏழு பேர், அதில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்துக்கு வெளியே இருந்து வர வேண்டும், தலைவரும் வெளியாளாக இருக்க வேண்டும், ஒரு பெண், ஒரு சட்டம் தெரிந்தவர், ஒரு சாதாரணக் குடிமகன் என்று கட்டாயம். அந்த டீச்சர் ஒவ்வொரு சம்மதப் படிவத்தையும் சிவப்புப் பேனாவோடு படிப்பார். யாருக்கு எந்த மாத்திரை என்று யாருக்கும் தெரியாமல் நடத்தும் ஆய்வை ‘குருட்டு முறை ஆய்வு’ என்று ஒரு படிவத்தில் தமிழ்ப்படுத்தியிருந்தார்கள். ‘கண் ஆஸ்பத்திரின்னு நினைச்சுக்குவாங்க, மாத்துங்க’ என்று திருப்பி அனுப்பினார். மூன்று தடவை திருப்பி அனுப்பிய படிவமும் உண்டு. நாங்கள் கொஞ்சம் எரிச்சல்பட்டோம்தான், ஆனால் அவர் சொன்னதுதான் சரி.

ஆகவே வியாழக்கிழமை கண்ணாடியோடு போய், முதலிலிருந்து மறுபடி விளக்குங்கள் என்று அப்பா கேட்கலாம். அது அவர் உரிமை. கையெழுத்துப் போட்ட தாளின் நகல் உங்களிடம் இல்லாவிட்டால் அதையும் கேளுங்கள். ரத்தத்தை எடுத்து வருங்கால ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று தனியாக ஒரு கட்டம் இருந்தால், ஆய்வில் இருந்துகொண்டே அதற்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லலாம். இன்னொன்று: ஆய்வுக்கு சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) என்று தொடங்கி வருஷம், மாதத்தோடு ஒரு பதிவு எண் இருக்கும், படிவத்தில் இல்லாவிட்டால் அவர்களிடம் கேளுங்கள். 2009 ஜூன் 15 முதல் இந்தியாவில் மருந்து ஆய்வுகளைப் பதிவு செய்வது கட்டாயம். ஓசூரில் உங்கள் போனிலேயே அந்த எண்ணைத் தேடிப் பார்க்கலாம், யார் நடத்துகிறார்கள், எந்தெந்த ஊரில், எத்தனை பேரிடம் என்று வரும். எண்ணே இல்லையென்றால் அப்போது தம்பி சொல்வதைக் கேளுங்கள், மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

எட்டு லட்சம்

சித்தப்பா எங்கேயோ வீடியோ பார்த்திருக்கிறார். எட்டு லட்சம் என்ற தொகை விதிகளில் இருக்கிறது, ஆனால் அது ஆய்வால் மரணம் நேர்ந்தால் இழப்பீட்டைக் கணக்கிடும் சூத்திரத்தின் அடிப்படைத் தொகை. வயதையும் நோயின் தீவிரத்தையும் பொறுத்து அது கூடும், குறையும். உங்கள் அப்பா, நல்லவேளை, அந்தக் கணக்கில் வரவில்லை. சேர்க்கப்பட்டு முழுசாகக் குணமாகித் திரும்பியவருக்கு வேறு கணக்கு: டெல்லியில் சாதாரணத் தொழிலாளிக்கு நிர்ணயித்த தினக்கூலியைப் போல இரண்டு மடங்கு, அதை ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களால் பெருக்க வேண்டும். இரண்டு நாளுக்கு எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் போடலாம். அதுவும் விழுந்ததற்கு ஆய்வுதான் காரணம் என்று முடிவானால்தான். முடிவு செய்வது மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு. உத்தரவு வந்தபின் 30 நாளில் ஸ்பான்சர் கொடுக்க வேண்டும்.

உங்களுக்கு உடனே பயன்படுவது வேறொன்று. ஆய்வில் இருக்கும்போது உடல் பாதிப்பு வந்தால், தேவைப்படும் வரை, அல்லது ஆய்வுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று உறுதியாகும் வரை, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்று விதி சொல்கிறது. அன்றைக்கே அவர்களுக்குப் போன் போட்டிருந்தால் பெரும்பாலும் 14,600 உங்கள் கையிலிருந்து போயிருக்காது. இப்போதும் பில், டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் எல்லாவற்றையும் நகல் எடுத்து, ஒரு வெள்ளைத் தாளில் தேதியோடு எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கட்டிய பணம் திரும்ப வரும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது, ஆனால் எழுத்தில் கேட்காமல் வராது. அங்கே தட்டிக் கழித்தால் நெறிமுறைக் குழுவுக்கு எழுதுங்கள். வக்கீல் நோட்டீஸ் எல்லாம் அதற்கப்புறம் யோசிக்கலாம், இப்போதே அதில் இறங்கினால் அப்பாவின் கிரியேட்டினின் என்ன ஆனது என்று பார்க்கவேண்டிய வாரத்தை நீங்கள் கோர்ட் வாசலில் கழிப்பீர்கள்.

விலகுவதாக இருந்தால்

தம்பி நினைப்பதுபோல ‘இரு’ அல்லது ‘ஓடிவா’ என்று இரண்டே வழி இல்லை. மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டு, பரிசோதனைக்கு மட்டும் தொடர்ந்து போய்வரலாம். நான் பார்த்தவரை பயந்த குடும்பங்களுக்கு இது நல்ல வழி, ஏனென்றால் நிறுத்திய பிறகும் சில வாரம் ரத்தமும் பிரஷரும் பார்க்க வேண்டும். முழுசாக விலகினாலும், கடைசியாக ஒரு தடவை போய்ப் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள். சொல்லாமல் கொள்ளாமல் போனை எடுக்காமல் இருந்துவிடுவதுதான் மோசம்.

அப்புறம், விலகினால் மாதாமாதம் அங்கே இலவசமாகப் பார்த்த கிரியேட்டினின், சிறுநீர்ப் புரதம் எல்லாம் நின்றுபோகும், அதற்கு இங்கே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இவற்றைப் பார்க்கலாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் இருக்கிறது, 2021 ஆகஸ்டில் உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் அதைத் தொடங்கினார்கள், ஊர்ச் செவிலியரிடம் பெயர் கொடுத்தால் வீட்டுக்கே வரும். விலகாமல் இருப்பதானால், ஆய்வு முடிந்தபின் மருந்து நல்லதென்று தெரிந்தால் அப்பாவுக்குத் தொடர்ந்து தருவீர்களா என்று ஒரு கேள்வியைக் கேட்டு வையுங்கள். பஸ் கட்டணம் தருவார்கள், தருவதை வாங்கிக்கொள்ளலாம், தப்பில்லை.

அப்பா என்ன சொல்கிறார்?

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சித்தப்பா சொன்னது இருக்கிறது, தம்பி சொன்னது, அம்மா சொன்னது, பக்கத்து வீட்டு மெடிக்கல்காரர் சொன்னதுகூட இருக்கிறது. அப்பா என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை. அவர் சுயநினைவோடு, தோப்புக் கணக்கை வருஷாவருஷம் மண்டிக்காரரிடம் பைசா விடாமல் பேசி வாங்குகிற மனிதர். அவரிடம் ஏன் சேர்ந்தார் என்று கேட்டிருக்கிறீர்களா? இலவசம் என்றா, டாக்டர் மேல் மரியாதைக்கா, வேண்டாம் என்று சொல்லத் தயங்கியா? இல்லை, தனக்கு வந்தது பிள்ளைகளுக்கு வரக் கூடாது, அதற்கு நம்மால் ஆனது என்று நினைத்தா? என்னிடம் அப்படிச் சொன்ன விவசாயிகள் இருக்கிறார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் நான் சொல்லும் ஆலோசனை மாறும். தயங்கித்தான் சேர்ந்தார் என்றால் வெளியே வரட்டும். தெரிந்தே சேர்ந்தார், விழுந்ததற்குக் காரணம் மருந்து இல்லை என்று டாக்டரும் சொல்கிறார், அவருக்கும் தொடர விருப்பம் என்றால், நீங்களோ தம்பியோ நானோ அதைத் தடுக்க நியாயம் இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவுக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு, அந்தப் பதினாறு பக்கத்தையும் அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், தினத்தந்தி படிக்கிற வேகத்தில் படிக்கட்டும், பக்கத்தில் அம்மாவும் உட்காரட்டும். புரியாத இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். வியாழக்கிழமை அந்தக் கோடுகளோடு நீங்களும் லீவு போட்டுவிட்டு அவர்கூடப் போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, பில், மிச்ச மாத்திரை டப்பா, டைக்ளோஃபினாக் அட்டை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். போன் மட்டும் இன்றைக்கே போட்டுவிடுங்கள்.